கனடா குளிருக்கு இரண்டாவது செட் சக்கரம் வாங்குவது எப்படி?

முதல் பனி விழுந்த மறுநாள் காலையில் டொராண்டோவில் எந்த டயர் கடைக்குப் போன் செய்தாலும் பதில் ஒன்றுதான்: "மூன்று வாரம் கழித்து வாங்க." ஆபத்தான வாரங்களே அந்த மூன்று வாரங்கள்தான். அதனால் முதலில் பார்க்க வேண்டியது காலண்டர். குளிர்கால டயர் மாட்டிய இரண்டாவது செட் சக்கரத்தைச் செப்டம்பர் கடைசியில் தேட ஆரம்பியுங்கள். அக்டோபரில் வாங்கி, நவம்பர் முதல் வாரத்துக்குள் மாட்டி முடியுங்கள். சீக்கிரம் தேடினால் உங்கள் அளவில் நாலைந்து டயர்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். டிசம்பரில் போனால் கடையில் மிச்சம் இருப்பதைத்தான் எடுத்து வர வேண்டும்.

திருச்சியிலிருந்து இங்கே வந்த முதல் வருடம் எனக்கு இதெல்லாம் தெரியாது. பழைய கொரோலா, டயரில் பட்டன் (ரோட்டில் படும் ரப்பர் மேடுகள்) நன்றாகவே இருந்தது. நவம்பர் கடைசியில் ஒரு நாள் காலை, டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு சிக்னல். பனி இல்லை, ரோடு ஈரமாக இருப்பது போலத்தான் தெரிந்தது. பிரேக்கை மிதித்தேன். பெடல் காலுக்கடியில் தடதடவென்று உதற, கார் நிற்காமல் மெதுவாக வழுக்கிக்கொண்டு போய் சந்திப்பின் நடுவில் நின்றது. குறுக்கே யாரும் வரவில்லை. பின் சீட்டில் என் மகள் இருந்தாள். அந்த வாரமே டயர் தேட ஆரம்பித்தேன். அதன் பிறகு பல வருடங்களாக எங்கள் வீட்டுக் கார்களுக்கும், புதிதாக வரும் நண்பர்களின் கார்களுக்கும் இதே வேலையைச் செய்து வருகிறேன். கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

பனியை விடக் குளிர்தான் காரணம்

'பனி விழுந்தால்தானே ஸ்னோ டயர்' என்று நினைக்கிறோம். விஷயம் ரப்பரில் இருக்கிறது. சாதாரண டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் விறைக்க ஆரம்பிக்கும். விறைத்த ரப்பர் ரோட்டின் மேடுபள்ளத்தில் படியாது, பிடிப்பு குறையும். குளிர்கால டயரின் ரப்பர் கலவையே வேறு, மைனஸ் 20-லும் மெத்தென்று இருக்கும். அதன் பட்டன்கள் மேல் முடி போல மெல்லிய கீறல்கள் ஏராளமாக இருக்கும். சக்கரம் அழுந்தும்போது அந்தக் கீறல்கள் விரிந்து, பனியையும் ஐஸையும் கவ்வும்.

டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரம் உள்ள மலையும், அதற்குள் ஒரு பனித்துகளும் வரைந்திருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்க, கனடிய டயர் தயாரிப்பாளர்கள் 1999-ல் கொண்டு வந்த முத்திரை அது. இறுகிய பனியில் டயரின் இழுவையைச் சோதித்து, ஒப்பீட்டு டயரைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூடுதலாக இருந்தால்தான் கிடைக்கும். வெறும் 'எம்+எஸ்' (மட் அண்ட் ஸ்னோ, அதாவது சேறும் பனியும்) எழுத்தை நம்ப வேண்டாம். பட்டன் அமைப்பைப் பார்த்துப் போடுவது அது, அதற்கென்று பனியில் ஓட்டிப் பார்க்கும் சோதனை கிடையாது.

சட்டம் மாகாணத்துக்கு மாகாணம் மாறும். கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் அக்டோபர் 1 முதல் பெரும்பாலான மலைச் சாலைகளில் கட்டாயம், பட்டன் ஆழமும் குறைந்தது 3.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் 2016 ஜனவரி 1 முதல், குளிர்கால டயர் போட்டவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் தள்ளுபடி தர வேண்டும் என்பது அங்கே விதி. அவர்களாகவே போன் செய்து தர மாட்டார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

நாலு சக்கரத்துக்கும் போட வேண்டும். முன்சக்கரம் இழுக்கும் கார்தானே, முன்னால் இரண்டு போதும் என்று சிக்கனம் பார்ப்பவர்கள் உண்டு. அப்படிப் போட்டால் வளைவில் முன்பக்கம் பிடித்துக்கொள்ளும், பின்பக்கம் வழுக்கி கார் சுற்றிவிடும். இதில் மட்டும் நான் யாரோடும் சமரசம் பேசுவதில்லை.

ரிம்மும் சேர்த்து ஏன் வாங்க வேண்டும்?

டயரை மட்டும் வாங்கி, இருக்கிற ரிம்மிலேயே மாற்றி மாற்றிப் போடலாம்தான். ஆனால் ஒவ்வொரு வருடமும் இரண்டு தடவை டயரை ரிம்மிலிருந்து பிரித்து, இன்னொன்றை ஏற்றி, பாலன்சிங் செய்ய வேண்டும். ஐந்து குளிர்காலத்தில் பத்துத் தடவை. ரிம்மில் உட்கார்ந்து காற்றை அடைக்கும் டயரின் ஓரம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அடிபடும்.

தனி ரிம் இருந்தால் நட்டைக் கழற்றி சக்கரத்தை மாற்றினால் வேலை முடிந்தது, ஸ்டெப்னி மாற்றுவது போலத்தான். கணக்கும் பெரிதாக இடிக்காது. உதாரணத்துக்கு, ஸ்டீல் ரிம் ஒன்று 90 டாலர் என்றால் நாலுக்கு 360. டயரைப் பிரித்துப் போடும் கூலிக்கும் சக்கரத்தை மட்டும் மாற்றும் கூலிக்கும் 60 டாலர் வித்தியாசம் என்றால் வருடத்துக்கு 120. மூன்று வருடத்தில் ரிம் காசு திரும்பிவிடும். உங்கள் கடை சொல்லும் தொகையைப் போட்டுப் பாருங்கள். சக்கரத்தை வீட்டிலேயே மாற்றுபவருக்கு இன்னும் சீக்கிரம் திரும்பும்.

இன்னொரு லாபம் உண்டு. இங்கே ரோட்டில் கொட்டும் உப்பு, காரோடு வந்த நல்ல அலாய் வீலை அரித்துவிடும். இரண்டாவது செட் இருந்தால் உப்பெல்லாம் அதற்குத்தான்.

ஸ்டீலா அலாயா? என் ஓட்டு ஸ்டீலுக்கு. குழியில் விழுந்தால் வளையும், பெரும்பாலும் தட்டி நிமிர்த்திவிடலாம். மேலே கறுப்புப் பெயின்ட் உதிர்ந்து துரு ஏறும், ஏறட்டும். ரிம்மில் மிச்சமாகும் பணத்தை நல்ல டயரில் போடுங்கள்.

சைஸ் எது?

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் எழுதியிருக்கும். இப்போது மாட்டியிருக்கும் டயரைப் பார்த்து வாங்க வேண்டாம், முந்தைய உரிமையாளர் எதையாவது மாற்றியிருக்கலாம்.

205/55ஆர்16 91ஹெச் என்று வைத்துக்கொள்வோம். 205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 55 என்றால் பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 55 சதவீதம். 16 அங்குலம் ரிம்மின் விட்டம். 91 என்பது சுமைக் குறியீடு, ஒரு டயர் 615 கிலோ தாங்கும். ஹெச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. குளிர்கால டயரில் வேக எழுத்து கொஞ்சம் குறைவாக, உதாரணமாக 190 கிலோமீட்டருக்கான 'டி' இருந்தாலும் பரவாயில்லை. சுமை எண் மட்டும் ஸ்டிக்கரில் உள்ளதற்குக் கீழே போகக் கூடாது.

குளிர்காலத்துக்கு ரிம்மை ஒரு அங்குலம் குறைப்பது நல்ல வழக்கம். ரிம் சின்னதானால் பக்கச்சுவர் உயரும், குழியில் விழும்போது டயர் அடியை வாங்கிக்கொள்ளும். டயர் ஒல்லியாக இருந்தால் பனியைக் கிழித்துக்கொண்டு போகும். விலையும் குறைவு. ஆனால் மொத்த விட்டம் மாறக் கூடாது, மாறினால் ஸ்பீடாமீட்டர் தப்பாகக் காட்டும்.

கணக்குப் போடுவது சுலபம். 205-ல் 55 சதவீதம் 112.75. மேலும் கீழும் சேர்த்து 225.5. 16 அங்குல ரிம் 406.4 மில்லிமீட்டர். கூட்டினால் 631.9. இப்போது 195/65ஆர்15: 126.75-ஐ இரட்டித்தால் 253.5, அதோடு 381 சேர்த்தால் 634.5. வித்தியாசம் மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. அதனால்தான் இந்த இரண்டு அளவுகளையும் ஒன்றுக்கொன்று மாற்றாகச் சொல்கிறார்கள்.

சின்ன ரிம் பிரேக் காலிப்பரில் (பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) இடிக்காமல் இருக்க வேண்டும். உங்கள் மாடலின் விலை குறைந்த வகை எந்த ரிம் அளவோடு விற்பனைக்கு வந்தது என்று பாருங்கள், அது ஒரு துப்பு. உறுதி செய்ய, ஒரு ரிம்மைக் காரில் மாட்டிக் கையால் சுற்றிப் பார்ப்பதுதான் வழி. டயர் ஏற்றிய பிறகு ரிம்மைத் திருப்பி எடுக்க மாட்டார்கள், அதனால் ஏற்றுவதற்கு முன்பே இதைச் செய்துவிடச் சொல்லுங்கள்.

ரிம் பொருந்துமா? பணம் வீணாவது இங்கேதான்

டயர் அளவு எல்லாருக்கும் புரிந்துவிடுகிறது. ரிம்மில்தான் ஏமாறுகிறோம். 16 அங்குல ரிம் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம்.

முதலில் நட் ஓட்டைகள். எத்தனை ஓட்டை, அவை எவ்வளவு பெரிய வட்டத்தில் (விட்டம், மில்லிமீட்டரில்) இருக்கின்றன என்பதை 5x100, 5x114.3 என்று எழுதுவார்கள். பெரும்பாலான கொரோலாக்களுக்கு 5x100. கேம்ரிக்கும், ரொம்பப் பழைய மாடல் அல்லாத சிவிக்குக்கும் 5x114.3. வோக்ஸ்வேகன், ஆடி கார்கள் பலவற்றில் 5x112. 112-க்கும் 114.3-க்கும் கண்ணால் வித்தியாசம் தெரியாது. நட் இரண்டு சுற்று ஏறும், அப்புறம் சாய்ந்து இறுகும். அப்படி ஓட்டினால் சக்கரம் கழன்று போகும் அபாயம் உண்டு. டேப் வைத்து அளந்து முடிவு செய்ய வேண்டாம். காரின் வருடம், மாடல், வகை மூன்றையும் சொல்லி எண்ணைத் தேடி எடுங்கள்.

அடுத்தது ரிம்மின் நடு ஓட்டை. என் நண்பர் ஒருவர் சிவிக் வைத்திருந்தார். கேம்ரியிலிருந்து கழற்றிய ஸ்டீல் ரிம் நாலும் புத்தம்புது டயரோடு, பாதி விலைக்குக் கிடைத்தது. இரண்டுக்கும் 5x114.3, அதனால் சரியாக இருக்கும் என்று வாங்கிவிட்டார். சனிக்கிழமை காலை ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரத்தை வைத்தால் உட்காரவே இல்லை. சிவிக்கின் ஹப் (காரில் சக்கரம் உட்காரும் அச்சு முனை) நடுவில் 64.1 மில்லிமீட்டர், கேம்ரி ரிம்மின் ஓட்டை 60.1. வெறும் 4 மில்லிமீட்டர். விற்றவர் போனை எடுக்கவில்லை. மறுபடி விளம்பரம் போட்டு, கேம்ரி வைத்திருந்த ஒருவருக்கு நஷ்டத்தில் விற்க வேண்டி வந்தது.

இதே கதை தலைகீழாக நடந்தால், அதாவது ரிம்மின் ஓட்டை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால், சக்கரம் ஏறும். ஆனால் நடுவில் பிடிப்பு இருக்காது, ஹைவேயில் ஸ்டியரிங் நடுங்கும். இடைவெளியை அடைக்க ஒரு வளையம் விற்கிறார்கள், ஹப் ரிங் என்று கேட்டால் கொடுப்பார்கள்.

மூன்றாவது ஆஃப்செட். ரிம்மின் அகலத்தில் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் படியும் தட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற அளவு. கம்பெனி ரிம்மின் எண்ணுக்குப் பக்கத்திலேயே இருங்கள். அதிகம் மாறினால் சக்கரம் உள்ளே சஸ்பென்ஷனில் உரசும், அல்லது வெளியே துருத்தி உப்புச் சேற்றைக் கதவு முழுக்க வாரி அடிக்கும்.

நட்டைப் பலரும் மறந்துவிடுகிறோம். ஹோண்டாவின் கம்பெனி அலாய் வீல்களுக்கு நட்டின் அடிப்பக்கம் உருண்டையாக இருக்கும். வெளியில் வாங்கும் ரிம்களுக்குப் பெரும்பாலும் கூம்பு வடிவ நட் வேண்டும். உருண்டை நட்டைக் கூம்புக் குழியில் இறுக்கினால் ஓரத்தில் மட்டும்தான் படும், கொஞ்ச நாளில் தளரும். ரிம் வாங்கும்போதே "இதற்கு எந்த நட்?" என்று கேட்டு, ஐந்து நட் வண்டிக்கு இருபதையும் சேர்த்து வாங்குங்கள்.

காற்றழுத்த சென்சார்

டாஷ்போர்டில் டயர் அழுத்த விளக்கு இரண்டு விதமாக வேலை செய்யும். பல ஹோண்டா, மஸ்டா, வோக்ஸ்வேகன் கார்களில் சக்கரத்துக்குள் எதுவும் இருக்காது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கின் சென்சாரே சக்கரம் சுற்றும் வேகத்தை வைத்துக் கண்டுபிடிக்கும். சக்கரம் மாற்றியதும் மெனுவில் போய் ஒரு தடவை ரீசெட் செய்தால் போதும். மற்ற கார்களில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் பேட்டரியோடு சென்சார் இருக்கும், இரண்டாவது செட்டுக்குத் தனியாக நாலு வாங்க வேண்டும். சில கார்களில் அதன் எண்களைக் கருவி வைத்துப் பதிய வேண்டும், அதற்கும் கூலி.

அமெரிக்காவில் புதுக் கார்களுக்கு இது சட்டப்படி கட்டாயம், கனடாவில் இல்லை. அதனால் இங்கே பலர் சென்சார் போடாமல், குளிர்காலம் முழுக்க அந்த மஞ்சள் விளக்கு எரிய ஓட்டுகிறார்கள். வாரம் ஒரு தடவை காற்றை அளக்கும் கேஜ் வைத்துப் பார்க்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் அது போதும். இல்லையென்றால் சென்சாருக்குச் செலவழியுங்கள்.

எந்த டயர்?

மிஷெலின் எக்ஸ்-ஐஸ், பிரிட்ஜ்ஸ்டோன் பிளிசாக், நோக்கியன் ஹாக்கபெலிட்டா, கான்டினென்டல் வைக்கிங்கான்டாக்ட், இந்த நாலில் எது உங்கள் அளவில் நியாயமான விலைக்குக் கிடைத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். நோக்கியன் ஃபின்லாந்துக் கம்பெனி. 1934-ல் உலகின் முதல் குளிர்கால டயரை லாரிக்காகச் செய்தவர்கள் அவர்கள்தான். இதற்கு அடுத்த விலையில் டோயோ, யோகோஹாமா, ஜெனரல் எல்லாம் நன்றாகவே உழைக்கும். பெயரே கேள்விப்படாத மலிவு டயர் வாங்கும் முன் ஒன்றை நினைவில் வையுங்கள்: மலை முத்திரை பனியில் இழுவையைத்தான் சோதிக்கிறது, ஐஸில் பிரேக் போட்டுப் பார்ப்பது அதில் இல்லை. நல்ல டயரும் சுமாரான டயரும் பிரிவது அந்த ஐஸில்தான்.

'ஆல் வெதர்' டயர் போதாதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 'ஆல் சீசன்' வேறு, 'ஆல் வெதர்' வேறு. இரண்டாவதில் மலை முத்திரை இருக்கும், வருடம் முழுக்க ஓட்டலாம். அபார்ட்மென்டில் இருக்கிறீர்கள், சக்கரம் வைக்க இடமில்லை, ஊருக்குள்ளேயே கொஞ்சம்தான் ஓட்டுகிறீர்கள் என்றால் அது நல்ல முடிவுதான். விடியற்காலை ஷிப்டுக்கு 401 ஹைவேயில் போகிறவர்களுக்கும், வடக்கே பாரி, சட்பரி ஊர்கள் பக்கம் அடிக்கடி போகிறவர்களுக்கும் தனி குளிர்கால டயரைத்தான் சொல்வேன்.

டயரின் வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் 'டி.ஓ.டி.' என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு எண்: 3524 என்றால் 2024-ஆம் வருடம் 35-வது வாரத்தில் செய்தது.

பழைய செட் வாங்கலாமா? தாராளமாக. காரை விற்றவர்கள், ஊர் மாறுபவர்கள் எல்லாம் கிஜிஜி விளம்பரத் தளத்திலும் ஃபேஸ்புக்கிலும் போடுவார்கள், ஏப்ரல், மே மாதங்களில் விலை படியும். புது டயரின் பட்டன் எட்டு, ஒன்பது மில்லிமீட்டர் இருக்கும். 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்த டயர் பனிக்கு உதவாது. அதனால் 7-க்குக் குறைந்ததை நான் வாங்குவதில்லை. அளக்கும் கருவி ஐந்து டாலருக்குள் கிடைக்கும், கையோடு எடுத்துப் போங்கள். நாலும் ஒரே டயரா, தேய்மானம் ஒரே சீராக இருக்கிறதா, பக்கச்சுவரில் வெடிப்போ பஞ்சர் ஒட்டோ இருக்கிறதா என்று பாருங்கள். சக்கரத்தைத் தரையில் உருட்டி விட்டால் வளைந்த ரிம் ஆடும்.

புதிதாக வாங்கும்போது "மாட்டி, பாலன்ஸ் செய்து, வரியோடு மொத்தம் எவ்வளவு?" என்று கேளுங்கள். டயர் விலை மட்டும் பார்த்துப் போனால் வால்வு, பாலன்சிங், பழைய டயர் மறுசுழற்சிக் கட்டணம், 13 சதவீத வரி என்று பில் ஏறிக்கொண்டே போகும். அந்த பில்லைப் பத்திரமாக வையுங்கள், காப்பீட்டுத் தள்ளுபடிக்குக் கேட்டால் காட்ட வேண்டும்.

மாட்டும் நாள்

வீட்டிலேயே செய்யலாம். சமதளம், நல்ல ஜாக்கி, ஜாக்கி ஸ்டாண்ட், டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கம் என்று காட்டும் ஸ்பேனர்), இந்த நாலும் வேண்டும். கார் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கால் சுற்று தளர்த்திவிட்டுத்தான் தூக்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றியதும் ஹப்பில் படிந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள், துரு மேல் உட்கார்ந்த சக்கரம் நேராக நிற்காது. நட் ஏறும் மரையில் எண்ணெய் பூச வேண்டாம், பூசினால் டார்க் கணக்கு தப்பாகிவிடும். டயரில் சுற்றும் திசைக்கான அம்புக்குறி இருந்தால் அதன்படி மாட்டுங்கள். நட்டுகளை முதலில் கையால் ஏற்றி, நட்சத்திரம் வரைவது போல எதிரெதிரே இறுக்குங்கள்.

இறுக்கத்துக்கு அளவு உண்டு. கொரோலாவுக்கு 103 நியூட்டன் மீட்டர், சிவிக்குக்கு 108. உங்கள் காருக்கு எவ்வளவு என்று கையேட்டில் இருக்கும். ஒரு வருடம் கடையில் கொடுத்து மாற்றினேன். காற்றுத் துப்பாக்கியால் சடசடவென்று இறுக்கி அனுப்பிவிட்டார்கள். நாலாவது நாள் ஹைவேயில் இடது முன்பக்கம் டக் டக் என்று சத்தம். ஓரம் கட்டிப் பார்த்தால் இரண்டு நட் கையால் சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தன. அதிலிருந்து, யார் மாட்டினாலும் 80 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு நானே டார்க் ரெஞ்ச் வைத்து ஒரு தடவை பார்க்காமல் விடுவதில்லை. நீங்களும் பாருங்கள்.

காற்று, கதவு ஸ்டிக்கரில் உள்ளபடி, கார் ஓடாமல் ஆறி இருக்கும்போது. வெப்பநிலை 5 டிகிரி இறங்கினால் சுமார் 1 பி.எஸ்.ஐ. குறையும். 20 டிகிரியில் கடையில் அடித்த காற்று, மைனஸ் 10-ல் வெளியே நிற்கும்போது ஐந்தாறு பி.எஸ்.ஐ. குறைந்திருக்கும். முதல் கடுங்குளிர் வந்த அன்றே மறுபடி அடியுங்கள். ரிம் அளவைக் குறைத்தவர்கள் கடைக்காரரிடம் புது அளவுக்கான அழுத்தத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கழற்றி வைக்கும்போது

ஏப்ரலில் காலை வெப்பநிலை தொடர்ந்து 7 டிகிரிக்கு மேலே நின்றதும் கழற்றிவிடுங்கள். மெத்தென்ற ரப்பர் வெயில் ரோட்டில் மளமளவென்று தேயும். உப்பு போகக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, கறுப்புப் பையில் போட்டுக் கட்டி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ், ஃப்ரீசர் போல மோட்டார் ஓடும் சாமான் பக்கத்தில் வேண்டாம், அதிலிருந்து வரும் ஓசோன் ரப்பரை வெடிக்க வைக்கும். ரிம்மோடு இருக்கும் சக்கரங்களை ஒன்றன் மேல் ஒன்றாகப் படுக்கப் போட்டு அடுக்கலாம். ரிம் இல்லாத வெறும் டயரை நிற்க வையுங்கள். பேஸ்மென்ட் வாடகை வீட்டில் இடம் இல்லாவிட்டால், சக்கரத்தை வாடகைக்கு வைத்துக்கொள்ளும் கடைகள் இருக்கின்றன.

பையில் கட்டும் முன் ஒவ்வொரு டயரின் உள்பக்கமும் சாக்பீஸால் மு.இ. (முன் இடது), மு.வ., பி.இ., பி.வ. (பின் வலது) என்று எழுதி, பட்டன் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்பதையும் குறித்து வையுங்கள். அடுத்த வருடம் முன்னால் ஓடியதைப் பின்னால் போடுவதற்கும், இன்னொரு குளிர்காலம் தாங்குமா, செப்டம்பரிலேயே கடைக்குப் போக வேண்டுமா என்று முடிவு செய்வதற்கும் அது உதவும்.